பழைய ஹைலக்ஸின் ஸ்டியரிங், சஸ்பென்ஷன்: ஆட்டத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தும் வழிகாட்டி

1988 இல் வெளிவந்து 1997 வரை ஜப்பானில் விற்பனையான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸ், இலங்கையின் வீதிகளில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. நெல் மூட்டை, மீன் பெட்டி, சீமெந்து, திருவிழாவுக்குப் போகும் குடும்பம் என்று எதையும் ஏற்றும் வாகனம் இது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட 2025 ஆகிவிட்டது. அந்த ஆண்டுகளில் பழைய டபுள் கெப் வைத்திருந்தவர்கள் அதை விற்கவும் மனமில்லாமல், புதிது வாங்கவும் வழியில்லாமல் பேணிக்கொண்டிருந்தார்கள். ஒயிலும் தண்ணீரும் குறையாமல் பார்த்துக்கொண்டால் இதன் டீசல் இயந்திரம் அதிகம் தொல்லை தராது. தேய்வது முன்பக்கம்.

“ஸ்டியரிங் ஆடுகிறது” என்று கராஜுக்குப் போனால் பெரும்பாலும் இரண்டு வைத்தியங்கள்தாம் கிடைக்கும். ஒன்று, ஸ்டியரிங் பெட்டியின் மேலிருக்கும் திருகை இறுக்குவது. மற்றது, சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட். இரண்டுமே கடைசியில் செய்ய வேண்டியவை. தேய்ந்த மூட்டுகளை அப்படியே விட்டுவிட்டு அலைன்மென்டுக்குக் கொடுக்கும் பணம் வீண். முதல் குழியில் சக்கரம் இறங்கியதுமே அந்தக் கணக்கு கலைந்துவிடும். ஆட்டம் எந்த மூட்டில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி. அதனால் இந்த வழிகாட்டியும் அதற்கே அதிக இடம் தருகிறது.

உங்கள் வாகனம் எந்த வகை?

ஒரே தலைமுறைக்குள் மூன்று விதமான முன்பக்கங்கள் உண்டு. குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். எல்.என்.107 (இது மாடல் குறியீடு) போன்ற நான்கு சக்கர இயக்க வாகனங்களில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மேலொன்றும் கீழொன்றுமாக, அதைச் சேஸியோடு இணைக்கும் இரண்டு கைகள் இருக்கும். சேஸியை ஒட்டிப் பின்நோக்கி ஓடும் நீண்ட உருக்குத் தண்டுதான் டோர்ஷன் பார். அது முறுகி நின்று வாகனத்தின் எடையைத் தாங்குகிறது. எல்.என்.106 இல் முன்னாலும் முழு அச்சும் ஸ்பிரிங் பட்டைகளும் இருக்கும். எல்.என்.85 போன்ற இரு சக்கர இயக்க வாகனங்களில் டோர்ஷன் பார் கீழ்க்கையுடன் இணைகிறது. எல்.என்.107 இல் அது மேற்கையுடன் இணைகிறது. கையின் முனையில் சக்கரத்தைத் திரும்பவிடும் உருண்டை மூட்டான பால் ஜொயின்டைச் சோதிக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியமாகும். நான் முதன்மையாக எல்.என்.107 ஐ வைத்தே எழுதுகிறேன். மற்ற இரண்டுக்கும் வேறுபடும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

தொடங்குமுன்

நல்ல ஜக் ஒன்று, சேஸிக்குக் கீழே வைக்க இரண்டு ஸ்டாண்டுகள், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கக் கட்டைகள் ஆகியவை இல்லாமல் தொடங்க வேண்டாம். செங்கல், சீமெந்துக் கல் ஆகியவை ஸ்டாண்டு ஆகா. அவை எச்சரிக்காமல் உடையும். இவற்றுடன் ஒன்றரை அடி நீளமான நெம்பு கம்பி, இரண்டு சுத்தியல்கள், கம்பித் தூரிகை, துரு இளக்கும் எண்ணெய், அளவு நாடா, பெயின்ட் கொஞ்சம், நட் கழன்றுவிடாமல் தடுக்கும் புதிய ஸ்பிளிட் பின்கள், இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் ஆகியவை வேண்டும். முன்சக்கர பெயரிங் வேலைக்கு 54 மில்லிமீற்றர் ஹப் சொக்கெட் தேவை. உளியும் சுத்தியலும் கொண்டு அந்த நட்டைத் திருப்புவது இங்கே சாதாரணம். ஆனால் முனைகள் சிதைந்த நட்டைச் சரியான இறுக்கத்தில் வைக்க முடியாது.

உப்புக் காற்று படும் கரையோர வாகனமென்றால் வேலைக்கு முதல் நாள் மாலையே போல்ட்டுகளைத் தூரிகையால் தேய்த்து எண்ணெய் விட்டுவிடுங்கள். மன்னார், முல்லைத்தீவுப் பக்கத்து வாகனங்களில் இதைத் தவிர்த்தால் மறுநாள் காலை முழுவதும் போல்ட் உடைப்பதிலேயே போகும்.

டயரும் வீதியும் சொல்வது

காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகு டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையைக் குறுக்காக ஓடவிடுங்கள். ஒரு திசையில் வழுக்கியும் மறு திசையில் பிசிறாக உரசியும் உணர்ந்தால் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) பிழையாக இருக்கிறது. உள்விளிம்போ வெளிவிளிம்போ மட்டும் தேய்ந்திருந்தால் காம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தை, சந்தேகியுங்கள். இடைவெளி விட்டுக் குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபர் தளர்ந்திருக்கலாம், சக்கரத்தின் பாலன்ஸும் தவறியிருக்கலாம்.

பிறகு ஓட்டிப் பாருங்கள். நேர்வீதியில் ஒரு பக்கம் இழுத்தால் முதலில் முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயருடையது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால் அது பிரேக் சம்பந்தமானது, இந்த வழிகாட்டிக்கு வெளியே. குழியில் இறங்கும்போது “டொக்” என்ற ஒற்றைச் சத்தம் வந்தால் பால் ஜொயின்டையோ கைகள் சேஸியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்ஷையோ பாருங்கள். மெதுவாகத் திரும்பும்போது “கிளிக், கிளிக்” என்று அடுக்காக வந்தால் அது முன் அச்சுத் தண்டின் மூட்டு.

நிலத்தில் நிறுத்திச் செய்யும் சோதனை

மிகவும் பயனுள்ள சோதனை இதுதான். இதற்கு ஜக் வேண்டாம், உதவிக்கு ஒருவர் போதும். சக்கரங்கள் நேராக நிலத்தில் இருக்க, கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இழுத்து, கட்டைகள் வைத்து இயந்திரத்தை ஓடவிடுங்கள். ஸ்டியரிங் வளையத்தின் விளிம்பில் ஒரு குறியிட்டு, முன்சக்கரம் அசையத் தொடங்கும்வரை இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். இந்த ஆட்டத்துக்கு டொயோட்டா கொடுத்த உச்ச வரம்பு 30 மில்லிமீற்றர். அதற்கு மேற்பட்டால் எங்கோ மூட்டு தேய்ந்திருக்கிறது.

இனி உதவியாளர் வளையத்தைச் சிறிதாக இடமும் வலமும் ஆட்டிக்கொண்டேயிருக்க, நீங்கள் கீழே போய் ஒவ்வொரு மூட்டின் மேலும் விரலை வைத்துப் பாருங்கள். மூட்டின் இரு பாகங்களையும் ஒரே நேரத்தில் தொடும்படி விரல் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டத்தை விரல் உணர்ந்துவிடும். சட்டை நுனியும் கையும் காற்றாடிப் பக்கம் போகாமல் கவனம்.

ஸ்டியரிங் தண்டின் இணைப்பிலிருந்து தொடங்குங்கள். அடுத்தது பெட்டி. உள்ளே போகும் தண்டு திரும்பியும் கீழே பெட்டியிலிருந்து வரும் பிட்மன் ஆர்ம் என்ற கை உடனே அசையவில்லையென்றால் ஆட்டம் பெட்டிக்குள் இருக்கிறது. உடனே அசைந்தால் பெட்டி குற்றமற்றது, அதன் திருகைத் தொட வேண்டாம். பெட்டி சேஸியோடு சேரும் இடத்தையும் பாருங்கள். அங்கே போல்ட் தளர்ந்திருக்கலாம். பெரிய டயர் போட்டுக் காட்டுவழி ஓடிய வாகனங்களில் சேஸி உலோகத்திலேயே மயிரிழை வெடிப்பு இருக்கலாம். சேற்றைத் துடைக்காமல் அது தெரியாது.

அங்கிருந்து பிட்மன் ஆர்ம், குறுக்கே ஓடும் ரிலே ரொட் என்று போய், அதன் மறுமுனையைத் தாங்கும் ஐட்லர் ஆர்முக்கு வாருங்கள். ஆட்டம் இருக்கிறதென்று கேட்டால் நான் முதலில் கை வைக்கும் இடம் இதுதான். இதன் உட்புஷ் தேய்ந்துவிட்டால் ரிலே ரொட்டின் ஒரு முனை மேலும் கீழும் எழும்பி இறங்கும். அதனால் குழியில் விழும்போதெல்லாம் டோ அளவு மாறும், வாகனம் தானாகவே திசை தேடும். ரிலே ரொட்டை அந்த முனையில் பிடித்து மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். கை பலத்துக்கே அசைந்தால் மாற்ற வேண்டும். இறுதியாக, ரிலே ரொட்டைச் சக்கரங்களோடு இணைக்கும் டை ரொட்களின் முனை மூட்டுகளான நான்கு டை ரொட் எண்டுகள், உள்ளே இரண்டு, வெளியே இரண்டு. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போயிருந்தால், ஆட்டம் இன்று இல்லாவிட்டாலும் விரைவில் வரும்.

தூக்கிவைத்துச் செய்யும் சோதனை

சேஸிக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து முன்சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் அது பெயரிங்கா, பால் ஜொயின்டா? உதவியாளரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பெயரிங். அப்படியே இருந்தால் பால் ஜொயின்ட். இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் நல்ல பால் ஜொயின்டைக் கழற்றி எறிபவர்கள் ஏராளம். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் அசைந்தால் ஸ்டியரிங் மூட்டுகளிடம் திரும்பிப் போங்கள்.

பால் ஜொயின்டை நெம்பு கம்பியால் சோதிக்கும்போது அதன் மேல் எடை இருக்கக் கூடாது. எடை இருந்தால் தேய்ந்த மூட்டும் இறுகி நிற்கும். எல்.என்.107 இல் டோர்ஷன் பார் மேற்கையை அழுத்துவதால் எடை தாங்குவது மேல் ஜொயின்ட். ஆகவே சேஸியைத் தாங்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால், கை தன் தடுப்பில் போய் நிற்க, ஜொயின்ட் விடுபடும். இரு சக்கர இயக்க வாகனத்தில் எடை கீழ் ஜொயின்டில் இருப்பதால் ஜக்கைக் கீழ்க்கைக்கு அடியில், ஜொயின்டுக்கு நெருக்கமாக வைத்துத் தூக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டு “ஜொயின்ட் நல்லாயிருக்கிறது” என்று சொல்வதால்தான் சில வாகனங்களின் சத்தம் தீருவதேயில்லை.

டை ரொட் எண்ட் மாற்றுவது

1. பழைய எண்டின் நடுவிலிருந்து தண்டில் ஒரு குறி வரைக்குமான நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.
2. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்துங்கள். ஒரு முனையில் இடப்புரி இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.
3. ஸ்பிளிட் பின்னை எடுத்து, நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்றுகள் மட்டும் தளர்த்துங்கள்.
4. எண்ட் நுழைந்திருக்கும் துளையின் வெளிப்புறத்தில் ஒரு சுத்தியலை வைத்து, எதிர்ப்புறத்தில் மற்றதால் ஓங்கி அடியுங்கள். இரண்டு மூன்று அடியில் கூம்பு விடுபடும். புரியின் தலையில் அடிக்காதீர்கள். மூட்டைப் பிரிக்கும் கவட்டை வடிவக் கருவியை இடையில் செருகினால் உறை கிழியும், எறியப்போகும் பாகத்துக்கு மட்டுமே அது ஏற்றது.
5. எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதைப் பூட்டி, அளந்த நீளத்துக்குக் கொண்டுவாருங்கள்.
6. கூம்பையும் துளையையும் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் சேர்த்து, கைநூலில் உங்கள் மாடலுக்குச் சொன்ன அளவில் இறுக்குங்கள். பின் துளை நேர்ப்படாவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கி நேர்ப்படுத்துங்கள். தளர்த்தி நேர்ப்படுத்தக் கூடாது. ஸ்பிளிட் பின் எப்போதும் புதிதாக இருக்க வேண்டும்.

ஐட்லர் ஆர்மை முழுத் தொகுதியாக மாற்றுவது நல்லது. புஷ் மட்டும் கிடைக்கும், மலிவும்தான். ஆனால் உள்தண்டு தேய்ந்திருந்தால் புதிய புஷ் சீக்கிரமே தளர்ந்துவிடும். பாகங்களில் ஜப்பானின் சாங்கெய் நிறுவனத்தின் 555 முத்திரைக்கு இங்கே நல்ல பெயர் உண்டு. பெயர் இருப்பதாலேயே போலிகளும் உண்டு. பெட்டியை மட்டும் பார்த்து வாங்காமல், பாகத்தின் வார்ப்பையும் புரியின் நேர்த்தியையும் பார்த்து வாங்குங்கள். பழைய பால் ஜொயின்டைத் திறந்து உள்ளே ஏதோ அடைத்து மூடித் தருகிறோம் என்பவர்களிடமும், ஸ்டியரிங் பாகத்தை ஒட்டவைத்துத் தருகிறோம் என்பவர்களிடமும் கொடுக்காதீர்கள். அந்தப் பாகம் விட்டுப்போனால் வாகனத்தைத் திருப்ப ஒன்றும் மிஞ்சாது.

முன்சக்கர பெயரிங்

முன்சக்கரத்தை இயக்கத்தோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் லொக்கிங் ஹப்பைக் கழற்றி, வெளி நட், பூட்டு வளையம், உள் நட் என்று வரிசையாக எடுத்து, பெயரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவி உலரவிடுங்கள். உருளைகளிலும் பாதையிலும் நீலம் பாய்ந்த கறையோ குழியோ இருந்தால் வெளி வளையத்தோடு சேர்த்து மாற்றுங்கள். நல்லதாக இருந்தால் உள்ளங்கையில் கிறீஸை வைத்து, மறுபக்கத்தில் பிதுங்கும்வரை பெயரிங்கை அழுத்தி அடையுங்கள். எண்ணெய் சீல் புதியதாக இருக்கட்டும். உள் நட்டை முதலில் நன்றாக இறுக்கி, ஹப்பை இரு திசையிலும் பல தடவை சுழற்றி, தளர்த்தி, மீண்டும் இலேசாக இறுக்க வேண்டும். வெளி நட்டை இறுக்கும்போது உள்நட்டின் அழுத்தமும் கூடிவிடும். அதனால் அதை இறுக்கிய பிறகும் ஹப் ஆட்டமில்லாமல் சுகமாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். குளம், களப்பு என்று தண்ணீருக்குள் இறங்கிய வாகனத்துக்கு இந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

கைகளும் புஷ்களும்

கீழ்க்கையின் போல்ட்டுகளில் துளை மையம் விலகிய வட்டத் தகடுகள் இருக்கும். காம்பர், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) இரண்டையும் அவற்றைத் திருப்பித்தான் சரிசெய்வார்கள். கழற்றுமுன் தகட்டுக்கும் சேஸிக்கும் சேர்த்துப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். கரையோர வாகனங்களில் இந்தப் போல்ட், புஷ்ஷின் உட்குழலோடு துருவால் ஒன்றாகிவிடும். அலைன்மென்ட் கடையில் “இது திரும்பாது, டோ மட்டும் பார்த்துத் தருகிறேன்” என்பதன் காரணம் அதுதான். எண்ணெயும் பொறுமையும் பலிக்காவிட்டால் போல்ட்டை அறுத்துப் புதிய போல்ட், புதிய புஷ் போடுவதைத் தவிர வழியில்லை. திரும்பப் பூட்டும்போது போல்ட்டின் உடலில் கிறீஸ் பூசுங்கள்.

ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்காதீர்கள். ரப்பர் முறுகுவதன் மூலமே வேலை செய்கிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வாகனம் நிலத்தில் இறங்கியதும் அது நிரந்தரமாக முறுகியே நின்று கிழியும். கையிறுக்கமாக விட்டு, நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை நான்கைந்து தடவை அமுக்கி அசைத்த பிறகு முழுதாக இறுக்குங்கள். பின்பட்டைகளின் புஷ்களுக்கும் இதே விதிதான்.

டோர்ஷன் பார்

முன்பக்கம் தாழ்ந்துவிட்டால் பின்முனையிலுள்ள சரிசெய் போல்ட்டைத் திருப்பி உயர்த்தலாம். முதலில் சமதரையில் இரு பக்கமும் ஹப்பின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்து எழுதுங்கள். சக்கரத்தைத் தூக்கி எடையை விடுவித்த பிறகே போல்ட்டைத் திருப்புங்கள். சிறிது திருப்பி, இறக்கி, கொஞ்சதூரம் ஓட்டிவிட்டு மறுபடி அளவுங்கள்.

இதை இறுக்கினால் ஸ்பிரிங் பலமாகும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. பாரின் விறைப்பு அதன் தடிப்பிலும் நீளத்திலும் இருக்கிறது. போல்ட் மாற்றுவது உயரத்தை மட்டுமே. அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் மேற்கை தன் தடுப்பில் முட்டிக்கொண்டே நிற்கும், வேகத்தடையைத் தாண்டும்போது “டங்” என்று அடிக்கும், அச்சுத் தண்டின் மூட்டுகளும் கோணம் கூடித் தேயும். பாரைக் கழற்ற நேர்ந்தால் போல்ட்டை முழுவதும் தளர்த்தி முறுக்கு விடுபட்ட பிறகே கழற்ற வேண்டும். பல்லும் கையும் சேரும் இடத்தில் குறியிடுங்கள். இடது பாரும் வலது பாரும் வெவ்வேறு திசை முறுக்குக்குப் பழக்கப்பட்டவை, மாற்றிப் போடக் கூடாது.

எல்.என்.106 வைத்திருப்பவர்களுக்கு

உங்களுக்கு டோர்ஷன் பாரும் பால் ஜொயின்டும் இல்லை. அவற்றுக்குப் பதில் சக்கரம் திரும்பும் உருண்டைக்குள் மேலும் கீழும் பெயரிங்குகள் இருக்கின்றன. குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுவதும் உதறினால், உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பரை மாற்றி அதை மறைக்காதீர்கள். இந்தப் பெயரிங்குகளையும், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க் தண்டின் முனைகளையும் பாருங்கள். உருண்டையில் கிறீஸோடு மெல்லிய ஒயிலும் கலந்து வழிந்தால் உள் அச்சு சீல் போய்விட்டது. அதைத் திறக்கும்போதே பெயரிங்குகளையும் சேர்த்து மாற்றிவிடுவதுதான் லாபம்.

பின்பக்கத்துப் பட்டைகள்

வெடிப்பு பெரும்பாலும், பட்டைகளை நடுவில் ஒன்றாகப் பிடிக்கும் சென்டர் போல்ட்டின் துளையை ஒட்டி வரும். சேற்றைக் கழுவிவிட்டு ஒவ்வொரு பட்டையின் விளிம்பையும் விளக்கு பிடித்துப் பாருங்கள். பின் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கி நின்றால் சென்டர் போல்ட் அறுந்திருக்கும். முன்னும் பின்னும் சக்கரங்களின் நடுவுக்கிடையில் இரு பக்கமும் அளந்தால் தெரிந்துவிடும். பட்டைகளை அச்சோடு கட்டும் யூ போல்ட்டுகளைக் கழற்றினால் புதியவை போடுங்கள். இழுபட்ட பழையவை மீண்டும் இறுக்கத்தைத் தாங்காது.

பாரம் ஏற்றுபவர்கள் ஒரு பட்டை கூட்டிப் போடுவது வழக்கம். அதனால் வெற்று வாகனம் துள்ளும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறொன்று. பல ஹைலக்ஸ்களில் பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையில் ஒரு மெல்லிய கம்பி ஒரு பிரேக் வால்வோடு இணைந்திருக்கும். பாரம் ஏறிப் பின்பக்கம் தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அதிக அழுத்தம் அனுப்புவது அதன் வேலை. பட்டை கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்தியதும் வால்வு வாகனம் வெறுமையாக இருப்பதாக எண்ணி, முழுப் பாரத்திலும் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை கூட்டினால் இந்தக் கம்பியின் அமைப்பையும் சரிசெய்தே ஆக வேண்டும்.

ஷொக் அப்சோபருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒயில் வழிந்தால், கழற்றி இழுக்கும்போது இடையில் தடையில்லாமல் நழுவினால், இரண்டிரண்டாக மாற்றுங்கள். புதியதைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில தடவை இழுத்து அமுக்கி உள்காற்றை நீக்குங்கள்.

இப்போது பெட்டி, பிறகு அலைன்மென்ட்

எல்லா மூட்டும் இறுகிய பிறகும் ஆட்டம் இருந்தால் மட்டும் ஸ்டியரிங் பெட்டிக்கு வாருங்கள். சக்கரங்கள் நேராக இருக்க, பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் இறுக்கி, பூட்டி, ஓட்டிப் பாருங்கள். பெட்டியின் பற்கள் அதிகம் தேய்வது நடுப்பகுதியில். நடுவின் ஆட்டம் முழுவதும் போகும்வரை இறுக்கினால், திரும்பும் இடங்களில் அது பிடித்துக்கொள்ளும். வளைவிலிருந்து வளையம் தானாக நேருக்குத் திரும்பவில்லையென்றால் இறுக்கம் கூடிவிட்டது, உடனே தளர்த்துங்கள். பிட்மன் ஆர்ம் தண்டின் அடியில் ஒயில் கசிந்தால் சீல் மாற்ற வேண்டும். பவர் ஸ்டியரிங்குக்கு டெக்ஸ்ரோன் வகை ஏ.டி.எஃப். (தானியங்கி கியர்பெட்டிக்கான) ஒயில் போதும். அது கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

அலைன்மென்ட் கடைவரை பாதுகாப்பாகப் போக டோவை வீட்டிலேயே ஓரளவு சரிசெய்யலாம். இரு முன்டயர்களின் நடுவிலும் ஹப் உயரத்தில் முன்பக்கமாகக் கோடு போட்டு அவற்றின் இடைவெளியை அளவுங்கள். வாகனத்தை அரைச் சுற்று உருட்டி அதே கோடுகள் பின்னால் வந்ததும் மீண்டும் அளவுங்கள். முன் அளவு பின் அளவைவிட ஓரிரண்டு மில்லிமீற்றர் குறைவாக இருக்கட்டும். கடையில் காம்பரும் காஸ்டரும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வாகனத்தில் வழக்கமாக என்ன பாரம் இருக்குமோ அதோடு போவது இன்னும் நல்லது.

ஐந்நூறு கிலோமீற்றர் ஓடிய பிறகு யூ போல்ட், டை ரொட் கிளாம்ப், சக்கர நட் ஆகியவற்றை மறுபடி டோர்க் ரென்சால் பாருங்கள். இரும்பு வீல்களின் சக்கர நட்டுகளுக்கு 110 நியூட்டன் மீற்றர் அளவு போதும். கிறீஸ் நிப்பிள் இல்லாத சில ஜொயின்டுகளில் சிறு திருகு மூடி இருக்கும். அதைக் கழற்றி நிப்பிள் பூட்டிக் கிறீஸ் ஏற்றலாம். ரப்பர் உறை இலேசாகப் புடைத்ததும் நிறுத்திவிடுங்கள். சேற்றுப் பாதையில் ஓடும் வாகனத்துக்கு ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் இதைச் செய்ய வேண்டும்.